அரக்கனுக்கு ஒரு சொம்புப் பால்

என் மகனுக்கு ஐம்பது நெருங்குகிறது. முன்தலை வழுக்கை விழுந்துவிட்டது. அலுவலகத்தில் அவனுக்குக் கீழே எத்தனையோ பேர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் டிவிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பொத்தான் வைத்த கட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, சண்டை விளையாட்டு விளையாடுவான். மருமகள் தலையில் அடித்துக்கொள்வாள். அவள் கட்சியில் நான் சேரவில்லை என்பது அவளுக்குப் பெரிய குறை. சேருவதாவது, நானே இன்னொரு கட்டையை வாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் திரையில் வரிசையாக முகங்கள் வரும். யாரை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்ல வேண்டும். நான் எப்போதும் ஒரே ஆளைத்தான் எடுப்பேன். பெருத்த உடம்பு, சடை விழுந்த முடி, குழந்தைகள் பார்த்தால் அழும் மூஞ்சி. நாலு எட்டு வைப்பதற்குள் எதிராளி அவனை நன்றாகக் கவனித்துவிடுவான். இதுவரை அவனை வைத்து நான் ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை.

“அவன் வேண்டாம்மா. கிட்டப் போறதுக்குள்ள அடி வாங்கியே படுத்துருவான்” என்பான் மகன். பிறகு பொறுமையாகப் பாடம் எடுப்பான். எந்தக் கம்பெனி விளையாட்டை எடுத்தாலும் ஆட்கள் இந்த ஐந்து வகைதானாம். எல்லாம் அளவாகத் தெரிந்த நாயகன் ஒருவன், புதிதாக ஆடுகிறவர்கள் அவனை எடுக்க வேண்டும். வேகமாக ஓடி ஓடிக் கொத்துகிற பொடியன் ஒருவன். அவன் கொடுக்கும் அடி லேசு, ஆனால் அவனே ஒரு நல்ல அடி வாங்கினால் அவ்வளவுதான். யாரையும் பக்கத்தில் விடாமல் தூர நின்றே அடிக்கும் நெட்டைக்காலன் ஒருவன். நேர் வழியில் எதுவும் செய்யாத முகமூடி ஒருவன். கடைசியில் என் ஆள். மெதுவானவன், ஆனால் அவன் கையில் அகப்பட்டால் தப்ப முடியாது. இதையெல்லாம் ஜப்பான்காரன் யோசித்துக் கண்டுபிடித்தான் என்று மகன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் சிரித்துக்கொள்வேன். அவன் பிறப்பதற்கு முன்பே இந்த ஐந்து பேரையும் எங்கள் கடலைக்காட்டில் பார்த்தவள் நான்.

எழுபதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகி அது முதல் வருடம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மீனாட்சிபுரத்துக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்துக்கு மருமகளாக வந்திருந்தேன். எல்லை தாண்டினால் கேரளம் என்றுதான் பேர். பேச்சு, சாப்பாடு, பங்காளிச் சண்டை எல்லாம் கோயம்புத்தூர்தான். ரேஷன் கார்டும் வரி ரசீதும் மட்டும் மலையாளம். அந்த மாசி மாதம், கடலை பிடுங்கி வெறுமனே கிடந்த மேட்டுக்காட்டை ஒரு குஸ்திக் கம்பெனி கூடாரம் போடக் கேட்டது. என் மாமனார் கொடுத்தார். ஜீப்பில் மைக் கட்டி, ஒரு வாக்கியம் தமிழிலும் அடுத்தது மலையாளத்திலுமாகச் சுற்றுவட்டாரம் முழுக்கக் கத்திக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டுக் காடு என்பதால் எங்களுக்கு முன்வரிசை.

பொழுது சாய்ந்ததும் ட்யூப்லைட் போட்டு ஆட்டம் தொடங்கும். நாயகன் சந்தன நிறம், சுருட்டை முடி; கோதாவில் இறங்குமுன் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பான். பொடியன் ஆளைச் சுற்றிச் சுற்றி ஓடிக் களைக்க வைப்பான். நெட்டைக்காலன் காலாலேயே பேசுவான். முகமூடிக்காரன் இடுப்பில் மிளகாய்ப்பொடி வைத்திருப்பான், அதை ரெப்ரி மட்டும் பார்க்கமாட்டார். கடைசியில்தான் அரக்கன் வருவான். உடம்பெல்லாம் கரி, கழுத்தில் இரும்புச் சங்கிலி, இரண்டு பேர் பிடித்து இழுத்து வருவார்கள். கடலுக்கு அப்பால் ஏதோ காட்டில் பிடித்ததாகவும், அவனுக்கு மனுஷப் பேச்சு எதுவும் தெரியாது என்றும் மைக்குக்காரன் சொல்வான். ஊர் அப்படியே நம்பியது. நானும் நம்பினேன். நம்பாமல் இருக்க எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

எங்கள் பக்கம் மாடு இல்லாத வீடு கிடையாது. ஊருக்கு வந்த பயில்வானுக்குப் பால் கொடுப்பது மரியாதை. அதற்குக் காசு வாங்குவது கேவலம். ஆனால் கோதாவில் யார் எப்படியோ, பாலும் அப்படித்தான். நாயகனுக்குக் கறந்த சூட்டோடு குடம் குடமாகப் போனது. அத்தனையையும் அவன் குடித்தானா குளித்தானா தெரியாது. பொடியனுக்கும் நெட்டைக்காலனுக்கும் ஓரளவு கிடைத்தது. முகமூடிக்காரனுக்கு மிளகாய்ப்பொடியை நினைத்து மோர் கொடுத்தார்கள். அரக்கனுக்கு ஒரு சொட்டுக் கிடையாது. அவனுக்குப் பால் ஊற்றினால் மாடு மடி வற்றிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஒரு நாள் காலையில் அலுமினியப் போசியைப் பிடித்துக்கொண்டு எங்கள் கட்டுத்தறிக்கு வந்து, ஒன்றும் பேசாமல் நின்றான். என் மாமியார் கறந்து வைத்திருந்த பாலை அவன் கண் முன்னாலேயே கன்றுக்குட்டிக்கு ஊற்றிவிட்டு, மாட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவன் கொஞ்ச நேரம் கன்றுக்குட்டி குடிப்பதைப் பார்த்துவிட்டு, வெறும் போசியோடு திரும்பிப் போனான்.

எனக்கு அப்போது மசக்கை. பால் வாசனை பட்டாலே குமட்டும். அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் எனக்கு இருந்தது. அது என் வீட்டுக்காரரின் கழுத்து.

அவரைப் பார்த்த யாரும் அவருக்கு ஒரு குறை உண்டு என்று சொல்லமாட்டார்கள். ஊரிலேயே பெரிய உடம்பு அவருடையது. மிரண்டு ஓடும் காளையைக் கொம்பைப் பிடித்து நிறுத்துவார், அது நின்றதும் அதற்கே ஆறுதல் சொல்வார். கல்யாணமான புதிதில் கரும்பு ஏற்றிய வண்டி மேலிருந்து தலைகுப்புற விழுந்துவிட்டார். சோறு கொண்டு போன நான் மட்டும்தான் பார்த்தேன். என் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாலக்காட்டில் ஒரு டாக்டரிடம் போனோம். கழுத்தெலும்பு விலகியிருக்கிறது, இன்னொரு அடி பட்டால் கைகால் விளங்காமல் போகலாம், உயிரேகூடப் போகலாம் என்றார். ‘சூக்ஷிக்கணும், சூக்ஷிக்கணும்’ என்று வாசல் வரைக்கும் வந்து சொன்னார். கவனமாக இருக்கச் சொல்லும் அந்த மலையாளச் சொல் வீடு வந்து சேரும்வரை என் காதிலேயே இருந்தது.

இவர் வீட்டில் மூச்சு விடவில்லை. மானம் பார்த்து மறைக்கிறார் என்றுதான் முதலில் கோபப்பட்டேன். அப்புறம்தான் புரிந்தது, மறைத்தது எனக்காக. மருமகள் கால் வைத்த இரண்டாம் மாதமே மகனுக்குக் கழுத்து போயிற்று என்றால் ஊர் யாரைச் சொல்லும்? வந்தவள் ராசி என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். அந்தப் பேச்சு ஒரு பெண்ணின் மேல் ஒட்டினால் சாகும்வரை போகாது. அது என்மேல் விழாமலிருக்க, அந்த மனிதர் வலியோடு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்.

கம்பெனி கிளம்புவதற்கு முன் கடைசி ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டாம். உள்ளூர் ஆள் ஒருவர் கோதாவில் இறங்கி அரக்கனோடு மோத வேண்டும். அதற்கு முந்தின இரவே, இந்த ஊரில் ஆம்பளை இல்லையா என்று மைக்குக்காரன் கேட்டான். சனம் முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது. முன்வரிசை நாற்காலியிலிருந்து என் மாமனார் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “என்ற பையன் எறங்குவானுங்க” என்றார். பையனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடாரமே அதிர்ந்தது. இவர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். அவரால் அவ்வளவுதான் திரும்ப முடியும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து, காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் அசையவில்லை. “மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு தெரிஞ்சா உன்னயத்தான் சொல்லுவாங்க. உடு புள்ள” என்றார். அதற்குமேல் அவரிடம் பேசிப் பயனில்லை.

மறுநாள் மத்தியானம் காட்டில் வேலை செய்கிறவர்களுக்குச் சோறு கொண்டு போகிற சாக்கில் கூடாரத்தின் பின்பக்கம் போனேன். நாயகனிடம் சொல்வதாகத்தான் யோசனை. எங்கள் வீட்டுப் பாலைக் குடித்தவன் ஆயிற்றே, நல்லவனாகத்தானே இருப்பான். அங்கே போனால் நாயகனும் அரக்கனும் சிரித்துக்கொண்டே பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வேலியோரம் நின்றுவிட்டேன். நாயகன் அரக்கனை எப்படி வேண்டுமானாலும் தூக்கிப் போட்டான். அவன் எங்கே விழுகிறான் என்று பார்க்கக்கூட இல்லை. அரக்கன் நாயகனைத் தூக்கும்போது மட்டும், மண்ணில் போடுவதற்குச் சற்று முன்னால், அவன் பெரிய கை ஒன்று நாயகனின் பிடரிக்குக் கீழே போய்விடும். ஒவ்வொரு தடவையும் போனது. பயிற்சி முடிந்ததும் நாயகன் தலைசீவப் போய்விட்டான். நான் யாரிடம் கேட்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரிந்துவிட்டது.

அரக்கன் என்னைப் பார்த்ததும் நின்றான். கையெடுத்துக் கும்பிட்டேன். அவனுக்குத்தான் பாஷை தெரியாதே, அதனால் சைகையில் சொன்னேன். கையை விரித்து என் வீட்டுக்காரரின் உடம்பைக் காட்டினேன். தாலியை எடுத்துக் காட்டினேன். வண்டி மேலிருந்து விழுந்ததைக் காட்டினேன், என் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன், வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். காட்டக் காட்ட அழுகை வந்துவிட்டது. அவன் குறுக்கிடாமல் முழுக்கப் பார்த்தான். பிறகு, தேனிப் பக்கத்துத் தமிழில், மெதுவாகக் கேட்டான்:

“அவுகளுக்குக் கழுத்துல எந்தப் பக்கம் தாயி வலி?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பதற்றத்திலும் வெட்கமாக இருந்தது. இவ்வளவு நேரம் கூத்துக் கட்டியிருக்கிறேனே. இடது பக்கம் என்று சொன்னேன். அவன் தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னான். கடல் கடந்த காடெல்லாம் ஒன்றுமில்லை, மலை மேலே ஆனைக்கரையில் ஏலக்காய்த் தோட்டத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்தவன். உடம்பைப் பார்த்து இந்தக் கம்பெனிக்காரர்கள் கூட்டி வந்தார்களாம். ஊருக்கு ஊர் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம், அடி வாங்குவது பழகிவிட்டது என்றான்.

“நான் பேசுறத ஊருக்குள்ள சொல்லிராதீக. பொழப்பு போயிரும். நீங்க வந்ததையும் அவுககிட்டச் சொல்லாதீக தாயி. தெரிஞ்சா அவுகளால நிமுந்து நிக்க முடியாது. மிச்சத்த நான் பாத்துக்கிர்றேன்.”

நான் வாயைப் பொத்திக்கொண்டு குமட்டலை அடக்குவதைப் பார்த்து, இடுப்பு முடிச்சிலிருந்து கொஞ்சம் பச்சை ஏலக்காய் எடுத்துக் கொடுத்தான். வாயில் அடக்கிக்கொண்டால் சரியாகும் என்றான். அன்றொரு நாள் அவன் வெறும் போசியோடு திரும்பிப் போன வீட்டின் மருமகள் நான் என்பது அவனுக்குத் தெரிந்துதான் இருக்கும். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் கூடாரத்தில் நிற்க இடமில்லை. இவர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு கோதாவில் இறங்கித் தூண் மாதிரி நின்றார். அரக்கன் சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்து ஒரு உறுமல் போட்டான். சுற்றிச் சுற்றி வந்தான், கையைக் கோத்தான், தோளைத் தள்ளினான், மண்ணை வாரித் தன் தலையிலேயே போட்டுக்கொண்டான். பார்க்கிறவர்களுக்குப் பெரிய யுத்தம். கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு விரல் போகவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நான் ஏலக்காயை மென்றுகொண்டு சாமிகளை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இவருக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்துவிட்டது. நின்ற இடத்தில் நின்றிருந்தால் மணி அடித்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு மாடு மாதிரி பாய்ந்தார். பாய்ந்தவருக்கு மண்ணில் கால் வழுக்கியது. அந்த உடம்பு அப்படியே முன்னால் சாய்ந்து தலைகுப்புறப் போவதைப் பார்த்தேன், கரும்பு வண்டியிலிருந்து விழுந்த அதே மாதிரி. அரக்கன் பாய்ந்து அவரை மார்போடு சேர்த்து இறுக்கினான். ஒரு கையை விரித்து அவர் பிடரியில் வைத்து, தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு, அப்படியே திரும்பித் தான் கீழே விழுந்தான். விழுந்த அடி எங்கள் வரிசைக்குக் கேட்டது. கழுத்தை நெரிக்கிறான், கொல்கிறான் என்று சனம் அலறியது. என் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார். நான் மட்டும் மூச்சை விட்டேன். ரெப்ரி குனிந்து எண்ணினார். மேலே இருந்தவர் ஜெயித்தவர் என்று இவர் கையைத் தூக்கினார்.

ஆபத்து அப்போதுதான் வந்தது. ஊர் இளவட்டம் முழுக்கக் கோதாவில் ஏறி, இவரைத் தோளில் தூக்கி, மேலே எறிந்து பிடிக்கத் தயாராகிவிட்டார்கள். வேண்டாம் என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. தோற்றுக் கிடந்த அரக்கன் தலையைத் தூக்கிப் பார்த்தான். எழுந்தான். அதுவரை அப்படி ஓர் உறுமலை அவன் போட்டதில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்ததும், எங்கள் ஊர் வீரர்கள் இவரைச் சாமி பல்லக்கு மாதிரி பதனமாகக் கீழே இறக்கி வைத்துவிட்டு, வேலி தாண்டி ஓடினார்கள். பிறகு தூரத்திலிருந்து கல்லும் சாணியும் எறிந்தார்கள். அவன் தலையை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு கூடாரத்தின் பின்பக்கம் போனான்.

மறுநாள் காலையில் கம்பெனி லாரி கிளம்பியது. வழியனுப்ப ஊரே கூடி நின்றது. நாயகனுக்கு மாலையெல்லாம் போட்டார்கள். நான் மாமியாரைக் கேட்காமல் பாலைக் காய்ச்சி, மிச்சமிருந்த ஏலக்காயைத் தட்டிப் போட்டு, பெரிய பித்தளைச் சொம்பு நிறைய எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். லாரியின் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் அரக்கன் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் கல் பட்ட காயம். சொம்பை அவனிடம் நீட்டினேன்.

“ஏம்புள்ள, அவனுக்கா பாலு? மாடு நாசமாப் போறதுக்கா?” என்று பின்னால் மாமியார் குரல் கேட்டது.

“போனாப் போகட்டுங்கத்தெ” என்றேன். அந்த வீட்டுக்கு வந்தபின் நான் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

அவன் சொம்பை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனவன், ஏலக்காய் வாசனை பட்டதும் ஒரு நிமிடம் அப்படியே இருந்தான். பிறகு ஒரே மூச்சில் குடித்தான். ஊர் பார்க்கிறது, அவன் பேச முடியாது. காலிச் சொம்பைக் கண்ணில் ஒற்றி என்னிடம் கொடுத்தான். லாரி கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு நான் அவனைப் பார்த்ததில்லை. அவன் பேர் என்ன என்று கேட்காமலே விட்டுவிட்டேன் என்பது கூடாரம் போன மண்ணில் மறுபடி உழவு ஓட்டும்போதுதான் தோன்றியது. மாடு எப்போதும்போல் கறந்தது.

ஜெயித்ததைப் பற்றி ஊர் பேசாத நாளில்லை. இவர் மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். அடக்கம் என்றார்கள். எனக்கு அது அடக்கம் மாதிரித் தெரியவில்லை, ஆனால் நானும் கேட்கவில்லை. அரக்கனுக்குக் கொடுத்த வாக்கு இருந்தது.

ஆவணியில் என் அம்மா வீட்டில் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை உட்கார வைத்துத் தோற்கடிக்கிற இந்த மகன்தான். பார்க்க வந்த இவர் கையில் என் அம்மா குழந்தையைக் கொடுத்து, தலை நிக்காதுங்க மாப்பிள்ளை, பார்த்துப் பிடிங்க என்று சொல்லி வாய் மூடவில்லை. பிறந்த குழந்தையை அதுவரை தொட்டே அறியாத மனிதர், கொஞ்சமும் தடுமாறாமல் மார்போடு சேர்த்து அணைத்து, ஒரு கையை விரித்து அதன் பிடரியில் வைத்துத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். என் அம்மா அசந்துபோய், பால் காய்ச்ச உள்ளே போனாள்.

இவர் அப்படியே நின்றார். கண் நிறைந்துவிட்டது.

“அவன் இப்படித்தான் புடிச்சான் புள்ள” என்றார்.

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

“நீ போய்ச் சொன்னயா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கோபம் வருமோ என்று பார்த்தேன், வரவில்லை. குழந்தையின் பிடரியில் வைத்த கையை எடுக்காமல், கட்டிலில் என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“ஒரு சொம்பு பத்தாது புள்ள.”